பழைய மடிக்கணினித் திரையைக் கொண்டு வீட்டிலேயே ப்ரொஜெக்டர் செய்ய முடியுமா?

கானாடுகாத்தானில் உள்ள பூர்வீக வீட்டில் மார்கழியில் வரும் பிள்ளையார் நோன்புக்குப் பங்காளிகள் எல்லோரும் கூடும்போது, அப்பச்சி, ஆத்தா கல்யாணத்தில் எடுத்த விஎச்எஸ் கேசட்டை வளவுச் சுவரில் (முற்றத்தைச் சுற்றிய கூடத்தின் சுவரில்) பெரிதாகப் போட்டுக் காட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள். கைபேசியையும் பூதக்கண்ணாடியையும் ஓர் அட்டைப்பெட்டிக்குள் வைத்தாலே போதும் என்று சிலர் சொல்வது உண்மையா, உண்மையில்லை என்றால் பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினியின் 14 அங்குலத் திரையைக் கழற்றிக் குறைந்த செலவில் ஒரு ப்ரொஜெக்டர் செய்துவிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். நானே இரண்டு செய்திருக்கிறேன். அவற்றில் முதலாவது தோற்றுப்போனது. காரைக்குடியில் பல ஆண்டுகள் தொலைக்காட்சிப் பெட்டி பழுது பார்த்தவன் என்பதால் கருவிகளுக்குக் குறையில்லை. குறை கணக்கில்தான் இருந்தது. வீட்டில் செய்யும் ப்ரொஜெக்டரில் முதலில் பார்க்க வேண்டியது ஒளி. படத்தின் நுணுக்கம், நிறம், அகலம் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஆகவே என்னென்ன வாங்க வேண்டும் என்று சொல்வதற்கு முன்னால், ஒளி எவ்வளவு வருகிறது, எங்கெங்கே செலவாகிறது என்பதைப் பேரேட்டில் எழுதுவதுபோல் எழுதிக்காட்டிவிடுகிறேன்.

முதலில் கைபேசிக் கதையை முடித்துவிடலாம். ஒரு நல்ல கைபேசித் திரை, முழு வெளிச்சத்தில் சதுர மீட்டருக்கு 500 கேண்டெலா (பரப்பு எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்பதன் அளவு) அளவுக்கு ஒளிரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 75 மி.மீ. விட்டமும் 150 மி.மீ. குவியத் தொலைவும் உள்ள பூதக்கண்ணாடியைக் கொண்டு 6 அங்குலப் படத்தை 48 அங்குலமாக, அதாவது 8 மடங்கு பெரிதாக்கினால், சுவரில் விழுவது ஏறத்தாழ 1 லக்ஸ் வெளிச்சம். முழுநிலவு நாளில் முற்றத்தில் விழும் ஒளியைவிட இது சில மடங்குதான் அதிகம். கைபேசித் திரை தன் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறவிடுகிறது. லென்சின் வாய்க்குள் போவது அதில் சிறு பங்கு. அந்தச் சிறு பங்கும் 64 மடங்கு பரப்பில் பரவிவிடுகிறது. போதாக்குறைக்கு, ஒற்றை லென்சு என்பதால் படத்தின் நடுப்பகுதி தெளிவாக இருக்கும்போது ஓரங்கள் குழம்பும், வெள்ளைப் பொருள்களின் விளிம்பில் நிறக்கோடுகள் தெரியும். கும்மிருட்டில், 20 அங்குல அகலத்தில், நான்கு பிள்ளைகளை உட்காரவைத்துக் காட்ட அது நல்ல விளையாட்டு. பெரியவர்கள் எட்டி உட்கார்ந்து தங்கள் கல்யாணத்தில் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று முகம் கண்டுபிடிக்க உதவாது.

ஆகவே, படம் காட்டும் தகடு வேறு, ஒளி தரும் விளக்கு வேறு என்று பிரிக்க வேண்டும். எல்சிடி திரை தானாக ஒளிர்வதில்லை. பின்னால் இருக்கும் விளக்கின் ஒளியைப் புள்ளி புள்ளியாக மறைத்தும் விட்டும் படம் காட்டுகிறது. அந்தப் பின்விளக்கை, அதாவது பேக்லைட்டை, நீக்கிவிட்டு, ஒளி ஊடுருவும் கண்ணாடித் தகட்டை மட்டும் எடுத்து, அதன் பின்னால் பலமான எல்இடியை வைத்து, முன்னால் லென்சு வைத்தால் ப்ரொஜெக்டர். அமோலெட் திரைகள் தாமே ஒளிர்பவை, ஒளியை ஊடுருவ விடாதவை. ஆகவே அமோலெட் கைபேசி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் இந்த வேலைக்கு ஆகாது. உங்கள் மடிக்கணினித் திரை எல்சிடி, ஆகும்.

இனிக் கணக்கு. சந்தையில் கிடைக்கும் 100 வாட் சிஓபி வகை எல்இடி, அதாவது ஒரே உலோகத் தகட்டில் நூறு சிறு சில்லுகளை அடுக்கியது, நல்லதாக இருந்தால் 8000 லுமென் (விளக்கு வெளிவிடும் மொத்த ஒளியின் அளவு) தரும் என்று வரவு வையுங்கள். அது அரைக்கோளமாகச் சிதறுவதால், முன்னால் ஒரு சிறு கண்ணாடிக் குவிலென்சை வைத்துப் பிடித்தாலும் பாதிதான் வழிக்கு வரும்: 4000. வட்டமாகச் செல்லும் அந்த ஒளிக்கற்றையில் நீள்சதுரமான படப்பகுதியின் மீது விழுவது ஏறத்தாழ அறுபது சதவீதம்: 2400. அடுத்து வருவதுதான் பெருஞ்செலவு. எல்சிடி தகட்டின் இரு பக்கமும் ஒட்டியுள்ள முனைவாக்கித் தாள், அதாவது போலரைசர், முதல் அடியிலேயே பாதிக்கு மேல் ஒளியை விழுங்கும். சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் மீதியில் மூன்றில் இரண்டு பங்கை விழுங்கும். புள்ளிகளுக்கு இடையே உள்ள கறுப்புக் கட்டங்கள் தம் பங்குக்கு விழுங்கும். வெள்ளைப் படம் காட்டும்போதுகூடத் தகட்டைத் தாண்டி வெளியேறுவது நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுதான். ஆறு என்று வையுங்கள்: 144. லென்சுகளில் மேலும் கால் பங்குக்கு மேல் போக, திரையைச் சேர்வது சுமார் 100 லுமென். எட்டாயிரத்தில் தொடங்கி நூறில் முடிகிறது. இதைப் பார்த்துச் சோர்ந்துபோக வேண்டாம். கடைகளில் மலிவாக விற்கும் ஒற்றை எல்சிடி ப்ரொஜெக்டர்களின் உள்ளே நடப்பதும் இதே கணக்குதான். பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கில் லுமென் என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் விளக்கின் லுமென். திரைக்கு வருவதை அறிய ‘ஆன்சி லுமென்’ என்ற அளவைத் தேட வேண்டும்.

100 லுமென் என்ன காட்டும்? 60 அங்குல மூலைவிட்டம் உள்ள பழைய 4:3 வடிவப் படத்தின் பரப்பு 1.1 சதுர மீட்டர். அதில் விழுவது சதுர மீட்டருக்கு 90 லுமென், அதாவது 90 லக்ஸ். பளபளப்பில்லாத மங்கிய வெள்ளைத் திரையில் அது சதுர மீட்டருக்குச் சுமார் 29 கேண்டெலாவாகத் தெரியும். திரையரங்குக்கு வகுத்த அளவு 48 கேண்டெலா. அதாவது இருட்டறையில் திரையரங்கு வெளிச்சத்தின் அறுபது சதவீதம். கண் பழகிவிட்டால் குறையே தெரியாது. அதையே 100 அங்குலமாக்கினால் 10 கேண்டெலாவுக்கு இறங்கிவிடும், முகங்கள் சாம்பல் பூத்துவிடும். ஆகவே 60 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது என் முதல் அறிவுரை. என் முதல் ப்ரொஜெக்டர் தோற்றதற்கு, சுவர் முழுவதும் படம் வர வேண்டும் என்ற பேராசை பாதிக் காரணம்.

உங்களுக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. 14 அங்குல அகலத்திரையின் படப்பகுதி 309 மி.மீ. அகலமும் 174 மி.மீ. உயரமும் கொண்டது. இதற்கு ஒளி பாய்ச்ச வேண்டிய ஃப்ரெனல் லென்சு, அதாவது வட்ட வட்டமாகக் கோடு வெட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தகட்டு லென்சு, பழைய ஓஎச்பியில் (ஓவர்ஹெட் ப்ரொஜெக்டரில்) இருந்து எடுத்தால் சுமார் 285 மி.மீ. சதுரம்தான் கிடைக்கும், அகலத்திரை முழுவதையும் அது மூடாது, இரு ஓரமும் இருண்டுவிடும். ஆனால் நீங்கள் காட்டப்போவது விஎச்எஸ் கேசட். அதன் படம் 4:3 வடிவம். உங்கள் 1366×768 புள்ளித் திரையில் அது நடுவில் உள்ள 1024×768 புள்ளிகளை மட்டுமே பயன்படுத்தும். அதன் அளவு 232×174 மி.மீ. அது ஃப்ரெனலுக்குள் தாராளமாக அடங்கிவிடும். விஎச்எஸ் பதிவில் இருக்கும் விவரமே மிகக் குறைவு என்பதால், உயர்நுணுக்கத் திரைக்காக நீங்கள் ஏங்க வேண்டிய அவசியமும் இல்லை. புதிய அகலப் படங்கள் பார்க்க வேண்டும் என்றால்தான் 11.6 அங்குலத் திரை தேட வேண்டிவரும்.

திரையைக் கழற்றுவது பொறுமை சார்ந்த வேலை. மடிக்கணினித் திரையின் கீழ்விளிம்பில் ஒரு நீண்ட மின்சுற்றுப் பலகை இருக்கும். மெல்லிய படலக் கீற்றுகள் அதைக் கண்ணாடியோடு இணைத்து, பின்பக்கமாக மடித்து ஒட்டப்பட்டிருக்கும். அந்தக் கீற்றுகளில் ஒன்று கிழிந்தாலும் படத்தில் ஒரு பட்டை நிரந்தரமாகப் போய்விடும். அதை ஒட்டவைக்க வீட்டில் வழியில்லை. உலோகச் சட்டத்தை நெம்பி எடுத்து, ஒட்டுநாடாவைச் சூடுகாட்டி இளக்கி, பலகையைப் பக்கவாட்டில் விரித்து ஒரு மெல்லிய சட்டத்தில் பொருத்திவிட வேண்டும். பின்னால் இருக்கும் வெள்ளைத் தாள்கள், ஒளிவழிகாட்டித் தகடு, எல்இடி பட்டை ஆகியவை வேண்டாதவை. போலரைசர் தாள்கள் கண்ணாடியிலேயே ஒட்டியிருக்கும். அவற்றை உரித்துவிடாதீர்கள், உரித்தால் படமே இராது. திரையின் முகப்பு பளபளப்பானதாக இருந்தால் மேலும் நல்லது. சொரசொரப்பான எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு இருந்தால் அது ஒளியைச் சிதறடித்துப் படத்தைச் சற்றே மழுப்பும்.

திரைக்குப் படம் கொடுக்க எச்டிஎம்ஐ நுழைவாய் உள்ள கட்டுப்பாட்டுப் பலகை ஒன்று தனியாக வாங்க வேண்டும். திரையின் முதுகில் அச்சிட்டிருக்கும் மாதிரி எண்ணைக் குறித்து, அந்த எண்ணுக்கே நிரல் ஏற்றிய பலகையைக் கேளுங்கள். மடிக்கணினித் திரைகளில் 40 முள் எல்விடிஎஸ், 30 முள் இடிபி என இரு வகை இணைப்புகள் உண்டு. ஒன்றுக்கான பலகை மற்றொன்றுக்குப் பொருந்தாது. மடிக்கணினி இன்னும் உயிரோடு இருந்தால் இந்தச் செலவே வேண்டாம்: அதன் கேபிளைக் கழற்றாமல், கணினியையே ப்ரொஜெக்டரின் மேல் ஏற்றி உட்காரவைத்து, கேசட்டில் இருந்து கணினிக்கு மாற்றிய கோப்பை நேரடியாக ஓட்டலாம். பார்க்க அழகாக இராது, வேலை செய்யும்.

லென்சுகளுக்கு, கல்லூரிகளில் ஒளிபுகு தாள் வைத்துப் பாடம் நடத்திய அந்த ஓஎச்பியைத் தேடுங்கள். வகுப்பறைகளுக்குக் கணினி வந்த பிறகு அவை காயலான் கடைகளுக்கு வந்துவிட்டன. மேல் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் ஃப்ரெனல், பெரும்பாலும் இரண்டு தகடுகளை ஓரத்தில் மட்டும் சேர்த்து ஒட்டியது. கூரிய கத்தியால் ஒட்டை அறுத்தால் பிரிந்துவிடும். எனக்குக் கிடைத்த இணையில் ஒன்றின் குவியத் தொலைவு 220 மி.மீ., மற்றது 330 மி.மீ. தலைப்பகுதியில் முகம் பார்க்கும் கண்ணாடியோடு சேர்ந்திருக்கும் படலென்சு, அதாவது படத்தைத் திரையில் விழச்செய்யும் லென்சு, என்னுடையதில் 320 மி.மீ. உங்களுடையது வேறாக இருக்கலாம். கதவோரம் நின்று லென்சைத் தெருப்பக்கம் காட்டி, தூரத்துக் கோபுரம் ஒரு வெள்ளைத் தாளில் தலைகீழாகத் தெளிவாக விழும் இடத்தைக் கண்டு, லென்சுக்கும் தாளுக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் அதுவே குவியத் தொலைவு. படலென்சின் குவியத் தொலைவு, படப்பகுதியின் மூலைவிட்டமான 290 மி.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால் மூலைகள் கறுத்துவிடும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடை ஒன்றில் பித்தளைக் கூட்டோடு ஒரு லென்சைக் கண்டு, அளக்காமலே வாங்கி வந்தேன். குவியத் தொலைவு 150 மி.மீ. அது இன்றும் என் அலமாரியில் அழகுப் பொருளாக இருக்கிறது.

அடுக்கும் முறை இது. எல்இடி, அதன் முன் சிறு குவிலென்சு, அடுத்து 220 மி.மீ. ஃப்ரெனல், அடுத்து எல்சிடி தகடு, அடுத்து 330 மி.மீ. ஃப்ரெனல், கடைசியாகப் படலென்சு. முதல் ஃப்ரெனல் விளக்கொளியை இணைகற்றையாக்கித் தகட்டின் வழியே நேராக அனுப்புகிறது. இரண்டாவது, அந்த ஒளி முழுவதையும் குறுக்கிப் படலென்சின் வாய்க்குள் செலுத்துகிறது. கைபேசிப் பெட்டியில் வீணான ஒளி இங்கே வீணாகாமல் இருப்பதற்கு இந்த இரண்டு பிளாஸ்டிக் தகடுகளே காரணம். இரண்டின் கோடு வெட்டிய பக்கமும் எல்சிடியைப் பார்த்திருக்க வேண்டும், வழவழப்பான பக்கம் வெளியே. தகட்டோடு ஒட்டிவைத்தால் ஃப்ரெனலின் வட்டக்கோடுகளும் திரையில் விழும். 15 முதல் 20 மி.மீ. இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளி காற்றுப் போவதற்கும் தேவை.

தூரங்களைப் பள்ளியில் படித்த லென்சுச் சமன்பாடே சொல்லிவிடும். 232 மி.மீ. அகலப் படத்தை 122 செ.மீ. ஆக்க வேண்டும், உருப்பெருக்கம் 5.25. லென்சில் இருந்து திரைக்கு 320 மி.மீ.யை 6.25ஆல் பெருக்க, 2 மீட்டர். எல்சிடியில் இருந்து லென்சுக்கு 381 மி.மீ. 100 அங்குலத்துக்குப் போனால் இதே தூரங்கள் 3.12 மீட்டரும் 357 மி.மீ.யும் ஆகும். இரண்டுக்கும் இடையே லென்சு நகர வேண்டியது 24 மி.மீ.தான் என்பதைக் கவனியுங்கள். ஆகவே லென்சை ஒரு பிவிசி குழாய்க்குள் மற்றொரு குழாய் நகர்வதுபோல் அமைத்தால் போதும். எல்இடியின் இடத்தை மட்டும் கணக்கில் நம்பாமல் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டும்: வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டு, படலென்சின் முன் தாளைப் பிடித்து, ஒளிப்பொட்டு முழுவதும் லென்சின் விட்டத்துக்குள் விழும்வரை விளக்கை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். திரையில் நடு வெளுத்து ஓரம் இருண்டிருந்தால் விளக்கு இன்னும் இடம் சேரவில்லை என்று பொருள். லென்சு படத்தைத் தலைகீழாக்கும் என்பதால் எல்சிடியைத் தலைகீழாக, அதன் முகப்பு விளக்கைப் பார்க்கும்படி நிறுத்திவிட்டால் சரியாகிவிடும்; முகப்பு லென்சைப் பார்த்திருந்தால் படம் இடவலம் மாறிவிடும்.

பெட்டி செய்வதற்கு முன், இவை எல்லாவற்றையும் ஒரு நீளப் பலகையின் மேல் மரச் சக்கைகளால் நிறுத்தி, இரண்டு இரவுகள் சோதித்துப் பாருங்கள். அவசரப்பட்டுப் பெட்டி செய்து, பிறகு ஒரு விரல்கடைக்காக அதை உடைத்தவன் சொல்கிறேன்.

இப்போது சூடு. இதை எளிதாகக் கடந்துவிடக் கூடாது, ஏனெனில் நம் பக்கத்து வெயிலுக்கு இதுதான் பகை. 100 வாட் எல்இடி வாங்கும் மின்சாரத்தில் 65 வாட்டுக்கு மேல் வெப்பமாகவே வெளியேறும். அதுவும் ஒரு பெரிய நாணயத்தைவிடச் சிறிய இடத்தில் இருந்து. பழைய மேசைக்கணினியின் செப்புக் குழாய் வைத்த பெரிய ஹீட் சிங்கும் (சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகக் கட்டை) அதன் மின்விசிறியும் இதற்குப் பொருத்தம். சில்லுக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே வெப்பக் களிம்பைத் தாள் கனத்துக்குமேல் பூசாமல், நான்கு திருகும் சமமாக இறுக்குங்கள். மின்விசிறி இல்லாமல் ‘ஒரு நிமிடம்தானே’ என்று சோதித்தால் சில்லு அந்த நிமிடத்திலேயே போய்விடக்கூடும்.

மின்சாரம் கொடுப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இந்தச் சில்லுக்கு 30 முதல் 36 வோல்ட்டுக்குள் தேவைப்படும்; ஆகவே 36 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (வோல்ட் மாறாத மின்வழங்கி) ஒன்றை இணைத்துவிடலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. எல்இடி சூடாகச் சூடாக அதற்கு வேண்டிய வோல்ட் குறையும். வோல்ட் மாறாத மின்வழங்கியோ அதே வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டே இருப்பதால் மின்னோட்டம் ஏறும். மின்னோட்டம் ஏறினால் சூடு ஏறும். கடைசியில் சில்லின் ஒரு வரிசை கருகிவிடும். வேண்டியது மின்னோட்டம் மாறாத எல்இடி டிரைவர். 100 வாட் சில்லுக்கு 3 ஆம்பியர் டிரைவர் விற்பார்கள், நீங்கள் 2.1 அல்லது 2.4 ஆம்பியர் டிரைவரை வாங்கி 70, 80 வாட்டில் ஓட்டினால் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும் அளவில் குறையாது, சூடு கணிசமாகக் குறையும். ஹீட் சிங்கின் மேல் 65 அல்லது 70 டிகிரியில் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறு வெப்பச் சுவிட்சு ஒன்றைத் தொடராக இணையுங்கள். விலை அற்பம், மின்விசிறி நின்றுபோனால் வீட்டைக் காக்கும். ஹீட் சிங்குக்கு எர்த் இணைப்பு கட்டாயம். பழைய வீட்டில் அந்தக் காலத்து வயரிங் என்றால், மூன்று முள் பிளக்கில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று மின்பணியாளரைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள். எரியும் சில்லை நேராகப் பார்க்க வேண்டாம். பிள்ளைகள் லென்சுக்குள் எட்டிப் பார்க்காத உயரத்தில் வையுங்கள்.

எல்சிடி தகட்டின் சூடு தனிக் கதை. அதன் மேல் விழும் ஒளியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் அங்கேயே வெப்பமாக மாறுகிறது. என் இரண்டாவது ப்ரொஜெக்டரைச் சித்திரை மாத நண்பகலில், தகரக் கூரை போட்ட பட்டறையில் சோதித்தபோது, இருபதாவது நிமிடத்தில் படத்தின் நடுவில் ஒரு கறுப்புத் திட்டு தோன்றி, மை கொட்டியதுபோல் விரிந்தது. தகடு எரிந்துவிட்டது என்றே நினைத்தேன். அணைத்துக் கால்மணி நேரம் கழித்துப் பார்த்தால் பழையபடி நன்றாக இருந்தது. திரவப் படிகம் ஓர் எல்லைக்குமேல் சூடானால் தன் ஒழுங்கை இழந்து வெறும் திரவமாகிவிடும். ஒளியின் முனைவுத் திசையைத் திருப்பும் திறன் போய்விடுவதால், ஒன்றுக்கொன்று குறுக்காக இருக்கும் இரு போலரைசர்களும் ஒளியை அடைத்துக் கறுப்பாகக் காட்டும். ஆறினால் ஒழுங்கு திரும்பிவிடும். ஆனால் அடிக்கடி அவ்வாறு நடந்தால் போலரைசர் தாள் சுருங்கி மஞ்சளித்துப் போகும், அது திரும்பாது. 50 டிகிரிக்குக் கீழே வைத்திருப்பது நலம். தகட்டின் இரு பக்கமும் காற்று கீழிருந்து மேலாகப் போகும்படி மெல்லிய மின்விசிறி இரண்டை அடியில் பொருத்துங்கள். மார்கழி இரவு என்பதால் உங்களுக்கு இந்தக் கவலை பாதிதான்.

பெட்டிக்கு 12 மி.மீ. பிளைவுட் போதும். உள்ளே கரும்பலகைக்கு அடிக்கும் மங்கிய கறுப்புப் பெயிண்டை அடியுங்கள். பளபளப்பான கறுப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிப் படத்தின் கறுப்பைச் சாம்பலாக்கும். காற்றுத் துளைகளை நேராக வைக்காமல், ஒளி வெளியே கசியாதபடி ஒரு தடுப்பு கொடுத்து வளைத்து வையுங்கள்.

அடுத்தது திரை. நீங்கள் வளவுச் சுவரையே நம்பியிருக்கிறீர்கள். நம் வீடுகளின் சுவர், முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசித் தேய்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர். கை வைத்தால் பளிங்குபோல் வழுக்கும், பார்ப்பவர் முகமே நிழலாடும். அது சுவருக்குப் பெருமை, ப்ரொஜெக்டருக்குக் கேடு. மெருகு உள்ள பரப்பு கண்ணாடிபோல் ஒளியை ஒரே திசையில் திருப்புவதால், உட்காரும் இடத்துக்குத் தக்கபடி நடுவில் ஒரு வெளிச்சக் குட்டை தேங்கும். மற்ற இடங்கள் மங்கும். திரைக்கு வேண்டியது எல்லாப் பக்கமும் சமமாகச் சிதறடிக்கும் மங்கிய வெள்ளை. 4:3 வடிவில் 60 அங்குலம் என்பது சரியாக 4 அடிக்கு 3 அடி; ஆகவே 8×4 பிளைவுட்டில் இருந்து ஒரு துண்டு வெட்டி, மங்கிய வெள்ளை பிரைமர் இரண்டு கை அடித்து, சுற்றிலும் இரண்டு அங்குலக் கறுப்புத் துணிப் பட்டை ஒட்டினால் முதல்தரத் திரை. பலகை கிடைக்கவில்லை என்றால் எட்டு முழ வேட்டியின் கரையை மடித்துவிட்டு இரண்டு மடிப்பாக இழுத்துக் கட்டி, பின்னால் கறுப்புத் துணியைப் போடுங்கள். ஒற்றை மடிப்பு வேட்டி, வந்த ஒளியில் ஒரு பங்கைப் பின்னால் விட்டுவிடும். நம்மிடம் இருப்பது நூறு லுமென்தான்.

வளவின் நடுவே வானம் பார்த்த திறப்பு இருப்பதால் ஏழு மணிக்கு முன் அங்கே படம் எடுபடாது. மார்கழிப் பனியும் லென்சில் படியும். கூரை உள்ள பகுதியில், இரண்டாங்கட்டில் (வளவுக்குப் பின்னால் உள்ள அடுத்த பகுதியில்) இடம் இருந்தால் அங்கே, வையுங்கள். பர்மாத் தேக்கு உத்தரமும் தூணும் கறுத்த நிறம் என்பதால் ஒளியை உறிஞ்சிக்கொண்டு உதவி செய்யும். ஆத்தங்குடிக் கல் தரை அப்படியன்று. திரையில் இருந்து விழும் ஒளியை மேலே திருப்பி அனுப்பும். திரையின் முன் ஒரு கருநிற ஜமக்காளத்தை விரித்தால் படத்தின் கறுப்பு உடனே ஆழமாவதைக் காண்பீர்கள். நோன்புக்கு ஏற்றிய விளக்கை அணைக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள், சம்மதிக்கவும் வேண்டாம். அது பார்ப்பவர்களின் முதுகுப்பக்கம், தூணுக்குப் பின்னால் இருந்தால் போதும்.

ப்ரொஜெக்டர் திரைக்கு 2 மீட்டர் முன்னால், கூட்டத்துக்கு நடுவே இருக்கும் என்பதால் அதைத் தாழ்வான முக்காலியில் வைக்க விரும்புவீர்கள். அப்போது பெட்டியை அண்ணாந்து சாய்த்தால் படம் மேலே அகன்று கீழே குறுகிவிடும். சாய்க்காமல், படலென்சை மட்டும் எல்சிடியின் நடுவில் இருந்து மேலே நகர்த்துங்கள், 20 மி.மீ. நகர்த்தினால் திரையில் படம் 12 செ.மீ.க்கு மேல் உயரும், வடிவம் கெடாது. இரண்டாவது ஃப்ரெனலையும் அதே பக்கம் சற்றே நகர்த்தினால் ஒளிப்பொட்டு லென்சைவிட்டு விலகாது.

செலவு என்று பார்த்தால், ஓஎச்பி, எல்இடி, டிரைவர், கட்டுப்பாட்டுப் பலகை, பிளைவுட் எல்லாம் சேர்த்து எனக்கு ஏழாயிரத்தைத் தொட்டது. கெடுத்த சில்லையும் பித்தளை லென்சையும் சேர்க்கவில்லை. இதற்குச் சற்றுக் கூடக் கொடுத்தால் கடையில் ஆயத்தமாக ஒன்று கிடைக்கும் என்பதையும் மறைக்க மாட்டேன். நோன்புக்கு இரண்டு வாரமே இருக்கிறது என்றால் வாங்கிவிடுங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். இரண்டு மாதம் இருக்கிறது, கையும் சும்மா இருக்க மறுக்கிறது என்றால் செய்யுங்கள். தேவகோட்டை ரஸ்தாவில் ஏவி.எம். மெய்யப்பச் செட்டியார் கொட்டகை போட்டுப் படமெடுத்த பக்கத்துக்காரர்கள் நாம். ஒரு பெட்டி செய்து படம் காட்டுவது நமக்குப் புதிதன்று.

கேசட்டை மட்டும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். நாடாவில் வெள்ளைப் பூஞ்சை படிந்திருந்தால் எந்தக் கருவியிலும் போட்டு ஓட்டாமல், பழைய வீடியோ நாடாவைச் சுத்தம் செய்து கணினிக்கு மாற்றிக் கொடுப்பவரிடம் முதலில் கொடுங்கள். ப்ரொஜெக்டர் ஒரு வாரம் தள்ளிப்போகலாம், அந்த நாடாவுக்கு மறுபிரதி இல்லை. படம் காட்டும் அன்று ஒலிக்குத் தனி ஸ்பீக்கரைத் திரையின் அடியில் வையுங்கள், பெட்டியின் அருகே வைத்தால் மின்விசிறி இரைச்சல் பேச்சை விழுங்கும். முடிந்ததும் எல்இடியை மட்டும் அணைத்துவிட்டு, மின்விசிறிகளை ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு பிளக்கைப் பிடுங்குங்கள்.